பீற்றூட் சாயம்

இணுவில்
12.03.1992

அன்புள்ள அக்கா,

இஞ்சை நானும் அம்மாவும் இருக்கிறபடி இருக்கிறம். அம்மாவுக்கு முழங்கால் நோ, அது நிரந்தரம். உங்கடை தலையிடி எப்பிடி? வெயிலுக்குள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடக்காமல் பஸ்ஸிலை போங்கோ.

சுத்தி வளைக்காமல் சொல்லுறன். எனக்குக் கலியாணம் பேசியிருக்கு. அளவெட்டிப் பெடியன், பேர் தேவராசா. பெடியன் எண்டாலும் வயது முப்பத்தைஞ்சு. தோட்டத்துக்கு இறைக்கிற மிசின் திருத்திறவர். செவ்வாய்க் குற்றத்தாலை இவ்வளவு நாளும் ஒண்டும் சரிவரேல்லையாம். எனக்கும் செவ்வாய் எண்டபடியால் சாத்திரியார் நல்ல பொருத்தம் எண்டிட்டார்.

அம்மா என்னைக் கூப்பிட்டு வாயைத் திறக்காதை எண்டா. ஊரைக் கூட்டித் தண்ணி வாத்துச் சாமத்தியச் சடங்கு செய்த பிள்ளை, மிச்சத்தைக் கடவுள் பாப்பாராம். எனக்கு அது சரிவராது. நான் ஏ.எல். வகுப்பை விட்டதும் உந்தக் கரைச்சலாலைதான். விலங்கியல் வாத்தியார் நிறமூர்த்தம், அதுதான் குரோமோசோம், இருபத்திமூண்டு சோடி எண்டு பலகையிலை கீறினார். எனக்கு ஒரு சோடியிலை ஒண்டு இல்லை சேர் எண்டு சொல்ல வாய் உன்னினது. சொல்லேல்லை. அடுத்த நாள் போகேல்லை. நான் படிக்கப் பஞ்சியிலை, சோம்பலிலை நிண்டனான் எண்டு நீங்கள் ஏசினீங்கள், அதுவும் பாதி உண்மைதான்.

கந்தசாமி கோயில் வீதியிலை அவர் என்னைப் பாக்க வந்தவர். அம்மா கற்பூரம் வாங்கப் போன நேரம் பாத்துச் சொல்லிப்போட்டன்.

"எனக்குப் பிள்ளை பிறக்காது. கொழும்பிலை டொக்டர் ரத்தம் பாத்துச் சொன்னவர். வேண்டாமெண்டால் இப்பவே சைக்கிளை எடுங்கோ."

அவர் சைக்கிளை எடுக்கேல்லை. வேறை நோய் வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டார். வளர்த்தி காணாது, அது கண்ணுக்குத் தெரியுதுதானே எண்டன். "எனக்கும் ஒருத்தரும் வரிசையிலை நிக்கேல்லை" எண்டார்.

நான் செய்தது சரியோ பிழையோ எழுதுங்கோ. பிழை எண்டாலும் இனி ஒண்டும் செய்யேலாது.

தங்கச்சி
கமலாவதி


வெள்ளவத்தை
20.05.1992

அன்புள்ள கமலாவதிக்கு,

உன் கடிதம் யார் யார் கையாலோ சுற்றி இப்போதுதான் வந்தது. நான் நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் கொடுத்து விடுகிறேன்.

நீ சொன்னது சரிதான். சொன்ன இடம்தான் சரியில்லை. பெரியவர்கள் வழியாகச் சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் எழுந்து போயிருந்தால் உன் பெயர் கோயில் வீதி முழுவதும் நாறியிருக்கும்.

1985இல் டொக்டர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பதினாறு வயதாகியும் பெரியபிள்ளை ஆகாத பெண் என்று சொல்லித்தான் உன்னைக் கூட்டிப் போனேன். இரத்தத்தைப் பார்த்துவிட்டு, எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது, முட்டை உண்டாகும் சூலகம் வேலை செய்யாது, பிள்ளைக்கு வழியில்லை, மாதாமாதம் குளிசை விழுங்கினால்தான் தீட்டு வரும் என்றார். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. ஆகவே நீ பொய் சொல்லவில்லை, ஒன்றையும் மறைக்கவும் இல்லை. நிம்மதியாகக் கலியாணம் செய்.

நான் அனுப்பும் குளிசைகளை ஒழுங்காக எடுக்கிறாய்தானே? சண்டையால் பாதை பூட்டினாலும் ஆள் பிடித்து அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா
பராசக்தி


அளவெட்டி
03.09.1992

அன்புள்ள அக்கா,

விலாசத்தைப் பாத்தே விளங்கியிருக்கும். ஆவணியிலை கலியாணம் முடிஞ்சுது. நீங்கள் வரேலாமல் போனது எல்லாருக்கும் குறைதான். நான் சுகம், அவரும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

அவரின்ரை கடை இஞ்சை எண்டபடியால் மாமி வீட்டிலைதான் இருக்கிறம். மாமி பேர் சிவக்கொழுந்து. நான் கோயிலடியிலை சொன்னதை அவர் அப்பிடியே மாமிக்கும் சொன்னவராம். மாமி ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைச்சிட்டு, "என்ரை பெடியன் தனியக் கிடந்து சமைச்சுத் தின்னாமல் இருந்தால் காணும்" எண்டவவாம். நல்ல மனிசி. வாய்தான் கொஞ்சம் நீளம். என்ரை வாயோடை சமன்.

இவர் பகல் முழுக்கக் கிறீஸ். கையைக் கழுவினால் கிணத்தடி கறுக்கும். அதிகம் கதைக்கமாட்டார். நான் ரெண்டு பேருக்கும் சேத்துக் கதைக்கிறன்.

குளிசைக் கதை இருக்கட்டும். பேந்து எழுதுறன்.

கமலாவதி


அளவெட்டி
20.05.1993

அன்புள்ள அக்கா,

மார்கழியிலை எழுதினதுக்குப் பதில் வரேல்லை. உங்களுக்குச் சுகமில்லையோ, கடிதம்தான் கடலுக்குள்ளை போச்சோ தெரியேல்லை. எனக்குச் சுகம் எண்டு எழுத வெளிக்கிட்டால் அது பொய்.

எனக்கு வயித்திலை பிள்ளை.

திரும்ப வாசியுங்கோ. நானும் திரும்பத் திரும்பக் கேட்டனான். மாசி கடைசியிலை, சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்கத் தொடங்கினது. மண்ணெண்ணெய் மணம் பிடிக்கேல்லை, இவருக்குக் கிட்டப் போகேலாது. வயித்துப் புழு எண்டு மாமி வேப்பங்கொழுந்து அரைச்சுத் தந்தா. சத்தி நிண்டுது, வயிறு பெருக்கிறது நிக்கேல்லை. மருத்துவிச்சி யோசப்பின் மிஸ்ஸி பக்கத்து வீட்டுப் பிள்ளை நிறுக்க வந்தவ, அவவைக் கூப்பிட்டுக் காட்டினன். அமத்திப் பாத்திட்டு, "பிள்ளை, இந்தப் புழுவுக்குக் கை கால் இருக்கு" எண்டா.

மாமி வாசல்லை நிண்டவ. மிஸ்ஸி போன பிறகு கேட்டா.

"அண்டைக்குச் சொன்னது பொய்யோ, இது பொய்யோ? ரெண்டும் உண்மையாய் இருக்கேலாது."

பிள்ளை பிறக்காது எண்டு சொன்னது நான். பெரிய டொக்டரின்ரை பேரைச் சொல்லி நம்ப வைச்சதும் நான். இப்ப மாமி கேக்கிறது, அப்ப இது ஆரின்ரை எண்டு. அந்தச் சொல்லை வாயாலை சொல்லேல்லை. குசினியிலை எனக்கு வேறை கோப்பை வைச்சிட்டா.

இவர் கேட்டிட்டுக் கடைக்குப் போட்டார். இப்ப அங்கைதான் படுக்கிறார்.

நான் இவரைத் தவிர ஒருத்தரோடையும் இல்லை அக்கா. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எண்டாலும் எழுத்திலை கிடக்கட்டும். அந்த டொக்டரிட்டைப் போய்க் கேளுங்கோ, எப்பிடி இது எண்டு.

கமலாவதி


வெள்ளவத்தை
10.06.1993

அன்புள்ள கமலாவதிக்கு,

நான் நலம். மார்கழிக் கடிதம் வரவில்லை. இது கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து வந்த ஒருவரிடமிருந்து நேரே கைக்கு வந்தது.

நீ எழுதியதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பழைய டொக்டர் வெளிநாடு போய்விட்டார். அதே பிரிவில் இப்போது இருப்பவரிடம் போனேன். உன் விபரம் எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். குளிசை எடுக்காத காலத்தில் உனக்கு எப்போதாவது தானாகத் தீட்டு வந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், தங்கையிடமே கேளுங்கள் என்றார்.

உண்மையை எழுது. வெட்கப்படாதே. நன்றாகச் சாப்பிடு. பாரம் தூக்காதே. கிணற்றில் தண்ணீர் அள்ளாதே.

அக்கா
பராசக்தி


அளவெட்டி
24.06.1993

அன்புள்ள அக்கா,

சாப்பாடு இறங்குது. பிள்ளை உதைக்கத் தொடங்கியிட்டுது.

வந்தது.

நீங்கள் என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போக முதலே அம்மா சடங்கை முடிச்சிட்டா, அது உங்களுக்குத் தெரியும். வகுப்பிலை எல்லாப் பிள்ளையளுக்கும் முடிஞ்சு நான் மட்டும் மிச்சம், ஊர் வாய் பாக்கத் தொடங்கியிட்டுது எண்டு. ஊர் நம்பச் சலவைக்குக் குடுத்த சீலையிலை அம்மா பூசினது பீற்றூட் சாறு, இது உங்களுக்குத் தெரியாது. எங்கடை தோட்டத்துப் பீற்றூட். எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு, அம்மா கிள்ளினவ. நாள் பாத்து, தண்ணி வாத்து, ஆலாத்தி எடுத்து, ஊர் சாப்பிட்டிட்டுப் போட்டுது.

கொழும்பாலை வந்து ஆறேழு மாதத்துக்குப் பிறகு, நீங்கள் தந்த குளிசைப் போத்தல் உடைக்காமல் அலுமாரிக்குள்ளை கிடக்க, உண்மையாய் வந்துது. நான் அம்மாட்டை ஓடினன். அம்மாவுக்குச் சந்தோசம் வரும் எண்டு நினைச்சன். அம்மா கதவைச் சாத்திப்போட்டு, "மூச்சு விடாதை. ரெண்டாந்தரம் ஊரைக் கூப்பிடுறதோ? கொழும்பிலை இருக்கிற கொக்காவுக்கும் எழுதாதை, கடிதத்தை வழியிலை ஆரும் உடைச்சால் மானம் போச்சு" எண்டா. வருசத்திலை ரெண்டு மூண்டு தரம் வரும், பேந்து காணாது. வருத்தத்திலை ஒழுகுது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். ஒழுங்காய் வாறதில்லை எண்டபடியால்தான் நிண்டதும் தெரியேல்லை.

குளிசை ஒண்டையும் நான் விழுங்கேல்லை. சூடு எண்டு அம்மா கிணத்தடியிலை கொட்டிப்போடுவா. நீங்கள் சம்பளத்திலை வாங்கி அனுப்பினது எல்லாம் வாழைக்குத்தான் போனது. ஏசுறதெண்டால் நேரிலை ஏசுங்கோ.

டொக்டரிட்டை இதைச் சொல்லுங்கோ. என்ன சொல்லுறார் எண்டு உடனை எழுதுங்கோ. மாமி இப்ப மிஸ்ஸியோடையும் கதைக்கிறேல்லை.

கமலாவதி


வெள்ளவத்தை
10.07.1993

அன்புள்ள கமலாவதிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அம்மா மேல் வந்த கோபத்தை இங்கே எழுதவில்லை. எழுதினால் தாள் காணாது.

டொக்டருக்குச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. உனக்கு இருப்பது கலப்பு வகையாக இருக்க வேண்டுமாம். உடம்பில் சில கலங்களில், அதாவது செல்களில், எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்று, வேறு சில கலங்களில் முழுதாக இரண்டு. இரத்தத்தில் அன்று எண்ணிப் பார்த்த கலங்கள் எல்லாம் ஒன்று உள்ளவையாக அமைந்திருக்கலாம். சூலகத்தில் இரண்டு உள்ளவை கொஞ்சம் இருந்தால் தீட்டு வரும், பிள்ளையும் வரும். பலருக்கு வராது. வந்தாலும் பல நேரம் தங்காது. சிலருக்குத் தங்கும். தீட்டு வந்த செய்தி அப்போதே தெரிந்திருந்தால் பழைய டொக்டரும் வழியே இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார் என்றார்.

இதை மாமிக்கு வாசித்துக் காட்டு.

நீ கொழும்புக்கு வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அங்கே சில வசதிகள் இல்லை. சின்ன உடம்பு, வெட்டித்தான் பிள்ளையை எடுக்க வேண்டி வரும். ஏழாம் மாதத்துக்கு முன்னரே வந்துவிடு. கட்டாயம் வா.

அக்கா
பராசக்தி


அளவெட்டி
20.07.1993

அன்புள்ள அக்கா,

கால் கொஞ்சம் வீங்கியிருக்கு. வேறை குறை இல்லை. நீங்கள் எப்பிடி எண்டு எழுதேல்லை, வா வா எண்டு மட்டும் எழுதியிருக்கிறியள்.

வெட்டிப் பிள்ளை எடுக்கிறது யாழ்ப்பாணத்திலையும் செய்யினம். மருந்துத் தட்டுப்பாடுதான், எண்டாலும் செய்யினம். இந்த வயித்தோடை கிளாலியிலை வள்ளம் ஏறச் சொல்லுற ஆள் நீங்கள் இல்லை. கடலிலை நேவி வள்ளங்களுக்குச் சுடுறது உங்களுக்கும் தெரியும். அப்ப டொக்டர் வேறை என்னவோ சொல்லியிருக்கிறார். அதை எழுதுங்கோ. ஒருக்கா அம்மா ஒளிச்சு வந்த வினையைப் பாக்கிறியள்தானே.

மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். "கொக்கா எழுதினால் எழுதுவாதானே" எண்டு சொல்லிப்போட்டு நெல்லுக் குத்தப் போட்டா. பிழை சொல்லேலாது. நான் மாமி எண்டாலும் அதைத்தான் சொல்லுவன்.

இவர் போன கிழமை வீட்டை வந்தார். வந்து குந்தியிருந்து மிசின்ரை குழாய் ஒண்டைத் துடைச்சுக்கொண்டே இருந்தார். எனக்கு விசர் வந்திட்டுது, வாயைத் திறவுங்கோ எண்டன். அப்பதான் கதைச்சார்.

"பிள்ளை பிறக்காது எண்டு நீர் சொன்னதை நான் ஒருத்தரிட்டையும் விசாரிக்கேல்லை. இப்ப மட்டும் ஏன் விசாரிக்கவேணும்?"

அப்ப இவ்வளவு நாளும் ஏன் கடையிலை படுத்தனீங்கள் எண்டு கேட்டன். தாயோடை சண்டை பிடிக்கப் பயமாம். முப்பத்தாறு வயது ஆம்பிளை. எனக்கு அழுகையும் வந்துது, ஏச்சும் வந்துது. இப்ப வீட்டிலைதான் படுக்கிறார்.

டொக்டர் சொன்னதை எழுதுங்கோ.

கமலாவதி


வெள்ளவத்தை
30.07.1993

அன்புள்ள கமலாவதிக்கு,

எனக்கு நித்திரை இல்லை. மற்றபடி நலம்.

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். உன்னைப் போன்றவர்கள் சிலருக்கு இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய் பிறவியிலேயே பலவீனமாக இருக்கும். சாதாரண நாளில் தெரியாது. பிள்ளை வளர இரத்தம் கூடும், அமுக்கம் கூடும், அப்போது குழாய் கிழியலாம். கிழிந்தால் காப்பாற்ற நேரம் இருக்காது. உனக்கு அப்படி இருக்கிறதா என்று இங்கே ஸ்கான் பண்ணிப் பார்க்கலாம். அங்கே அந்த மிசின் இல்லை. கால் வீங்கியிருக்கிறது என்று நீ எழுதியதை டொக்டரிடம் சொன்னேன். உடனே இரத்த அமுக்கத்தைப் பார்க்கச் சொன்னார். மிஸ்ஸியிடம் போ.

பிள்ளைக்கும் நிறமூர்த்தத்தில் குறை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிறந்த பிறகுதான் தெரியும்.

இவ்வளவுதான். இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

அக்கா
பராசக்தி


அளவெட்டி
22.08.1993

அன்புள்ள அக்கா,

அமுக்கம் கொஞ்சம் கூடவாம். உப்பைக் குறைச்சிட்டன். நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ. எனக்கு இப்ப தெரியும் எண்டபடியால் பயம் குறைவு.

ஊரை விட்டு வெளிக்கிட இயக்கத்திட்டைப் பாஸ் எடுக்கப் போனம். எனக்கும் அம்மாவுக்கும். இந்த வயது ஆம்பிளையளை வெளியிலை விடமாட்டினம், இவருக்குத் தரமாட்டினம் எண்டது தெரிஞ்ச விசயம். ஆனால் நான் பதிஞ்சிருக்கிற வீட்டின்ரை சொந்தக்காரர் பிணை நிக்கவேணுமாம். வீடு மாமிக்குச் சீதனமாய் வந்தது, மாமியின்ரை பேரிலை. நான் திரும்பி வராட்டில் மாமிதான் பதில் சொல்லவேணும். இவர் கேட்டார். மாமி, "ஆரின்ரையோ பாரத்துக்கு நான் ஏன் கையெழுத்து வைக்கிறன்" எண்டிட்டா. அண்டைக்குத்தான் இவர் முதல் தரம் தாயோடை சத்தம் போட்டது. பலன் இல்லை.

நான் இணுவிலுக்குப் போய் அம்மாட்டை உங்கடை கடிதத்தை அப்பிடியே வாசிச்சன். இருதயக் குழாய் எண்ட இடத்திலை அம்மா நிப்பாட்டச் சொன்னா. எழும்பிச் சீலை மாத்தினா. அந்த முழங்காலோடை சைக்கிள் கரியரிலை ஏறி அளவெட்டிக்கு வந்தா.

மாமி கதிரையைக் காட்டினா. அம்மா இருக்கேல்லை. நிண்டுகொண்டே சொன்னா, சடங்கு பொய் எண்டு. பேந்து உண்மையாய் வந்ததை மறைச்சது தான்தான் எண்டு. டொக்டருக்கும் மூத்த மகளுக்கும்கூடச் சொல்லேல்லை எண்டு. "என்ரை பிள்ளை உங்களுக்குச் சொன்னது எல்லாம் நான் அவளுக்கு விட்ட பிழை" எண்டா. ஊருக்கு மறைச்ச ஒண்டைச் சம்பந்தி வீட்டு வாசல்லை சொல்லுறதுக்கு அம்மாவுக்கு என்ன பட்டிருக்கும் எண்டு யோசியுங்கோ.

மாமி கேட்டா, "சலவைக்குப் போன சீலையிலை என்னத்தைப் பூசினனீர்?"

"பீற்றூட்."

மாமி சிரிச்சிட்டா. அடக்கப் பாத்தும் ஏலாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. உந்தப் பொய்யை ஒரு தாய் கட்டிச் சொல்லமாட்டாள் எண்டு பேந்து இவரிட்டைச் சொன்னவவாம். அம்மா அழுதா. நான் ரெண்டு பேரையும் பாத்துக்கொண்டு நிண்டன். பனங்கட்டியோடை தேத்தண்ணி போட்டுக் குடுத்தது மாமிதான்.

அடுத்த நாள் விடியவே மாமி வெளிக்கிட்டு நிண்டா. பாஸ் கந்தோரிலை இருந்த பெடியன், போறவ உங்களுக்கு என்ன முறை எண்டு கேட்டான்.

"மருமகள். வயித்திலை என்ரை மகன்ரை பிள்ளை. அதையும் எழுது தம்பி."

வயித்துக்குள்ளை இருக்கிறதுக்குப் பாஸ் தேவையில்லை எண்டு அவன் சொன்னான். எண்டாலும் எழுது எண்டு மாமி நிண்டா. பின்னாலை வரிசையிலை அளவெட்டி ஆக்களே ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் கேட்டுது. அதுக்குத்தான் சத்தமாய்ச் சொன்னவ எண்டு நினைக்கிறன்.

வாற கிழமை வள்ளம். இனிச் சந்திப்பம்.

கமலாவதி


வெள்ளவத்தை
05.11.1993

அன்புள்ள மாமிக்கு,

உங்கடை இடுப்பு நோ இப்ப எப்பிடி? மழைக்குள்ளை நெல்லுக் குத்தாமல் இருங்கோ. இதை இவரை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, அவருக்கும் சேத்துத்தான் எழுதுறன்.

பெம்பிளைப் பிள்ளை. வெட்டித்தான் எடுத்தவை. நிறை குறைவு, சத்தம் குறைவில்லை. என்ரை இருதயக் குழாய் கொஞ்சம் அகலமாம். அதாலை அமுக்கத்துக்குக் குளிசை தந்து, நாளுக்கு முந்தியே எடுத்திட்டினம். இந்த முறை குளிசையை விழுங்கினன். இன்னொரு பிள்ளை வேண்டாம் எண்டு டொக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிப்போட்டார். சரி எண்டன். ஒண்டும் இல்லை எண்டு இருந்த இடத்திலை ஒண்டு காணும்.

இவரைப் போலை எண்டு அக்கா சொல்லுறா, என்னைப் போலை எண்டு அம்மா சொல்லுறா. எனக்கு இப்போதைக்கு ஒருத்தரைப் போலையும் தெரியேல்லை. சிவத்துப்போய் அழுதுகொண்டிருக்கு.

பிள்ளையின்ரை ரத்தத்தையும் பாக்கவோ எண்டு கேட்டவை. அம்மா வேண்டாம் எண்டு என்ரை கையைப் பிடிச்சவ. பாருங்கோ எண்டன். பதில் வர நாள் செல்லும். என்ன வந்தாலும் உங்களுக்கு அப்பிடியே எழுதுவன், அவளுக்கு விளங்கிற வயதிலை அவளுக்கும் சொல்லுவன். பெரியபிள்ளை ஆனால் ஆகட்டும். ஆகேல்லை எண்டால் ஆகேல்லை எண்டே இருக்கட்டும். அவளுக்கு நாங்கள் பொய்த் தண்ணி வாக்கிறேல்லை.

அண்டைக்கு ஊர் கதைக்கும். நான் பதில் சொன்னால் அது சண்டையாய் முடியும். நீங்கள் சொல்லுங்கோ மாமி, பாஸ் கந்தோரிலை சொன்ன அதே சத்தத்திலை.

கிளாலிப் பாதை திறந்த உடனை மூண்டு பேரும் வாறம்.

மருமகள்
கமலாவதி